யூதர்கள் எத்தனை பேர்? கேட்பது யார்?

யூதர்களின் ஜெப ஆலயத்தில் கூட்டு வழிபாடு நடக்க வேண்டுமானால் பத்துப் பேர் வேண்டும். மரபைப் பேணுவோரிடத்தில் பத்துப் பேரும் ஆண்களாக, 13 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். இந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், வந்திருப்பவர்களை ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணக் கூடாது. விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தில் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள்; வசனம் முடிந்தால் ஆள் சேர்ந்துவிட்டது என்று பொருள். தாவீது ராஜா குடிமக்களை எண்ணப் போக, கொள்ளைநோய் வந்து எழுபதாயிரம் பேர் மாண்டார்கள் என்கிறது விவிலியம். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் படும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் பேச்சை மாற்றுவார்களே, ஏறக்குறைய அதே அச்சம்தான்.

எண்ணுவதற்கு இவ்வளவு தயங்கும் இதே மக்கள், தங்கள் எண்ணிக்கையைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களாகவும் இருக்கிறார்கள். அதற்கென ஆய்வு நிறுவனங்கள், ஆண்டறிக்கைகள், அவற்றின் மேல் சண்டைகள் எல்லாம் உண்டு. ஏன் என்று புரிந்துகொள்ள ஓர் எண்ணிலிருந்து தொடங்கலாம். 1939இல் உலகில் யூதர்கள் சுமார் 1.65 கோடிப் பேர். ஆறே ஆண்டுகளில் நாஜி இனப்படுகொலை 60 லட்சம் பேரைக் கொன்றது. இன்று, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உலக யூதர்களின் தொகை சுமார் 1.57 கோடி. பழைய எண்ணை இன்னும் எட்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் உலக மக்கள்தொகை மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. 1939இல் ஆயிரம் பேருக்கு ஏழு பேர் யூதர். இன்று இரண்டு பேர்.

இந்த 1.57 கோடி எப்படி வந்தது என்று கேட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. உலகத்துக்குப் பொதுவான யூதப் பதிவேடு எதுவும் கிடையாது. அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மதத்தைக் கேட்பதில்லை. பிரான்ஸ் அரசும் கேட்பதில்லை. இங்கிலாந்து 2001இல்தான் கேட்கத் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்திலோ யூதர் என்பது மதமே அல்ல, தேசிய இனம்; உள்நாட்டுக் கடவுச்சீட்டின் ஐந்தாம் வரியில் அது எழுதப்பட்டிருக்கும். வேலைக்கும் பல்கலைக்கழக இடத்துக்கும் அந்த ஐந்தாம் வரி முட்டுக்கட்டையாக இருந்தது தனிக் கதை.

எனவே கணக்கிடுகிறவர்கள் வட்டங்கள் போடுகிறார்கள். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகையியல் அறிஞர் செர்ஜியோ டெல்லா பெர்கோலா பல ஆண்டுகளாகச் செம்மைப்படுத்திய முறை இது. நடுவில் இருப்பது மையத் தொகை: தன்னை யூதர் என்று சொல்லிக்கொள்பவர், அல்லது யூதப் பெற்றோருக்குப் பிறந்து வேறு மதத்தைத் தழுவாதவர். மேலே சொன்ன 1.57 கோடி இதுதான். பெற்றோரில் ஒருவராவது யூதராக இருப்பவர்களையெல்லாம் சேர்த்தால் வட்டம் 2 கோடியை நெருங்குகிறது. வீட்டில் வாழும் யூதரல்லாத துணைவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இஸ்ரேலின் குடியேற்றச் சட்டம் அனுமதிக்கும் எல்லோரையும் சேர்த்தால் அது 2.5 கோடியைத் தாண்டும். நடு வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் ஒரு கோடிப் பேர் வித்தியாசம்! எந்த எண் சரி என்று கேட்பதில் பயனில்லை. எந்தக் காரியத்துக்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வட்டம் மாறும். யூத மக்கள்தொகை பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆள் கற்பனை, விதிகள் உண்மை. பெலாரஸின் மின்ஸ்க் நகரில் ஒரு பெண். அவளுடைய அப்பாவின் அப்பா மட்டும் யூதர். யூத மத நெறியான ஹலாகாவின்படி யூதத் தாய்க்குப் பிறந்தவரோ முறைப்படி மதம் மாறியவரோதான் யூதர். ஆகவே அவள் யூதர் அல்ல. இஸ்ரேலின் குடியேற்றச் சட்டமான திரும்புதல் சட்டத்தின்படி அவள் யூதரின் பேத்தி. விமானம் ஏறி வந்து குடியுரிமை பெறலாம். வந்த பிறகு இஸ்ரேலின் புள்ளியியல் துறை அவளை யூதர் பட்டியலிலும் சேர்க்காது, அரபியர் பட்டியலிலும் சேர்க்காது. "மற்றவர்" என்று எழுதிக்கொள்ளும். அவள் ராணுவத்தில் பணியாற்றுவாள், வரி கட்டுவாள், ஹீப்ரு பேசுவாள். ஆனால் ஒரு யூதரை இஸ்ரேல் மண்ணில் திருமணம் செய்துகொள்ள முடியாது. அங்கே பதிவுத் திருமணம் கிடையாது. யூதர் திருமணம் தலைமை ரபிகள் எனப்படும் மதகுருமார் கையில் இருக்கிறது. ஆகவே ஜோடியாகச் சைப்ரஸ் தீவுக்குப் போய்த் தாலிகட்டிவிட்டு வருவார்கள் என்று நம் பாணியில் சொல்லலாம். திரும்பி வந்தால் அரசு அதைப் பதிவு செய்துகொள்ளும்! அமெரிக்காவின் சீர்திருத்த யூத இயக்கமோ 1983இல் எடுத்த முடிவின்படி, தாயோ தந்தையோ யாரேனும் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதராகவே வளர்ந்தால் அந்தப் பிள்ளையும் யூதர் என்கிறது.

திரும்புதல் சட்டம் 1950இல் வந்தபோது யார் யூதர் என்று விளக்கவே இல்லை. பின்னர் வழக்குகள் வந்தன. அவற்றில் மறக்க முடியாதது ஆஸ்வால்ட் ருஃபைசன் வழக்கு. போலந்தில் யூதராகப் பிறந்தவர். போர்க்காலத்தில் யூதர் என்பதை மறைத்து, மீர் என்ற ஊரில் ஜெர்மானியக் காவலர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஊர்ச் சேரியில் அடைக்கப்பட்டிருந்த யூதர்களைக் கொல்லப் போகிறார்கள் என்ற செய்தியை அவர் ரகசியமாகச் சொல்ல, 1942இல் சுமார் 300 பேர் காட்டுக்குள் தப்பினார்கள். அகப்பட்டுத் தப்பி ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார். பிறகு கார்மல் சபைத் துறவியாகி, இஸ்ரேலுக்கு வந்து, "நான் யூதன், எனக்குத் திரும்பும் உரிமை உண்டு" என்றார். மத நெறிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. யூதத் தாயின் பிள்ளை எந்த மதத்துக்குப் போனாலும் யூதர்தான். மதச் சார்பற்ற நீதிமன்றமோ 1962இல் அதை மறுத்தது. சாதாரண மக்கள் வழக்கில் ஒரு பாதிரியாரை யாரும் யூதர் என்று சொல்ல மாட்டார்கள் என்பது அதன் வாதம். பிறகு வேறு வழியாக அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் வட்டத்துக்கு வெளியே நின்றபடியேதான்.

1970இல் இன்னொரு வழக்கு அரசை நெருக்கியபோது நாடாளுமன்றம் ஒரு சமரசம் கண்டது. யூதர் யார் என்ற வரையறை மதவாதிகள் கேட்டபடி தாய்வழி. குடியேறும் உரிமை மட்டும் பேரப்பிள்ளை வரைக்கும் திறந்திருக்கும். நாஜிகள் ஒருவரை வேட்டையாட யூதத் தாத்தா பாட்டிகளை எண்ணினார்கள், ஆகவே அடைக்கலம் கொடுக்கவும் அதே அளவு போதும் என்று பலர் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. இந்தச் சட்டத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 1948 போரில் வீடிழந்து வெளியேறிய, வெளியேற்றப்பட்ட சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்களுக்கு இத்தகைய திரும்பும் வாசல் கிடையாது. ஹைஃபா நகரில் பிறந்தவர் உள்ளே வர முடியாது, ஹைஃபாவைப் படத்தில்கூடப் பார்க்காதவரின் பேத்தி வரலாம் என்பது அவர்களுடைய நெடுநாள் குமுறல்.

1989க்குப் பிறகு சோவியத் நாடுகளிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். இஞ்சினியர்கள், மருத்துவர்கள், பிடில் வாசிப்போர் என்று ஒரு முழு நடுத்தர வர்க்கம். அவர்களில் கணிசமானோர் மத நெறிப்படி யூதர் அல்ல; யூதரின் துணைவர், பிள்ளை, பேரப்பிள்ளை என்ற உரிமையால் வந்தவர்கள். 2022 தேர்தலுக்குப் பின் ஆட்சிக் கூட்டணியின் மதக் கட்சிகள் அந்த விதியையே நீக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரு பக்கம் ஆள் வேண்டும் என்ற பசி. மறுபக்கம் யார் ஆள் என்ற சச்சரவு.

இன்றைய யூதர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் இரண்டே நாடுகளில் வாழ்கிறார்கள். இஸ்ரேலில் 72 லட்சம். அமெரிக்காவில் குறுகிய வட்டப்படி 60 லட்சத்துக்குச் சற்று மேல். 1948இல் உலக யூதர்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் இஸ்ரேலில் இருந்தார்கள். இன்று ஏறக்குறைய 46 பேர். போருக்கு முன் 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்த போலந்தில் இன்று சில ஆயிரம் பேர். 1948இல் மொராக்கோவில் 2.5 லட்சம், இன்று இரண்டாயிரத்தைச் சுற்றி. ஈராக்கிலிருந்து 1950, 51 ஆண்டுகளில் லட்சத்துக்கு மேற்பட்டோர் விமானத்தில் வந்தார்கள். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு பழைய சமூகம் இரண்டே ஆண்டுகளில் காலியானது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே யாரும் விரட்டவில்லை. அண்டை அயலார் விரும்பி மணம் செய்துகொண்டார்கள். 1964இல் லுக் என்ற பிரபலமான இதழ் "மறைந்துவரும் அமெரிக்க யூதர்" என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. 1971இல் மறைந்தது அந்த இதழ்தான். ஆனாலும் பயம் மறையவில்லை. 1990இல் நடந்த தேசிய ஆய்வு, அண்மையில் மணமானவர்களில் 52 சதவீதம் பேர் யூதரல்லாதவரை மணந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் ஒரு நடுக்கம் பரவியது. பின்னர் மறுகணக்கில் அந்த எண் குறைந்தது என்றாலும் அதற்குள் கொள்கை உருவாகிவிட்டது. பள்ளிகளுக்கும் கோடை முகாம்களுக்கும் பணம் கொட்டியது. 1999 முடிவில் பர்த்ரைட் என்ற திட்டம் தொடங்கியது: 18 முதல் 26 வயது வரையான யூத இளைஞர்களுக்குப் பத்து நாள் இலவச இஸ்ரேல் பயணம். இதுவரை எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் போய்வந்துவிட்டார்கள். பக்திச் சுற்றுலாவா, பெண் பார்க்கும் படலமா என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கில், 2010க்குப் பிறகு மணமானவர்களில் கலப்பு மணம் 61 சதவீதம். மரபைக் கறாராகப் பேணும் ஆர்த்தடாக்ஸ் பிரிவை விட்டுவிட்டுப் பார்த்தால் 72 சதவீதம். ஆனால் கலப்பு மணம் என்றால் இழப்பு என்ற கணக்கு அத்தனை நேராக இல்லை. பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக இருப்பவர்களில், முதியவர்களைவிட இளையவர்களே தங்களை யூதர் என்று சொல்லிக்கொள்வது அதிகம் என்று அதே ஆய்வு காட்டியது. கதவைச் சாத்திய தலைமுறையின் பிள்ளைகள் போய்விட்டார்கள். திறந்து வைத்த தலைமுறையின் பிள்ளைகளில் கணிசமானோர் உள்ளேயே நிற்கிறார்கள். சீர்திருத்த இயக்கத்தின் 1983ஆம் ஆண்டு முடிவை மரபுவாதிகள் இன்றும் குறை சொன்னாலும், கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை என்றே நினைக்கிறேன்.

கலப்பு மணத்தைவிடக் கனமான மாற்றம் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்த்தடாக்ஸ் யூதருக்குச் சராசரி 3.3 பிள்ளைகள், மற்ற யூதருக்கு 1.4. இந்தச் சிறு எண்கள் என்ன செய்யும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பெற்றோருக்கு 1.4 பிள்ளை என்றால் 100 பேர் அடுத்த தலைமுறையில் 70, அதற்கடுத்து 49. அதே நேரத்தில் 3.3 பிள்ளை பெறும் 100 பேர் 165 ஆகி, பிறகு 272 ஆகிறார்கள். தாத்தா காலத்தில் சமமாக இருந்த இரு கூட்டம் பேரன் காலத்தில் ஒன்றுக்கு ஐந்து மடங்குக்கு மேல்! யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை, யாரும் ஊரை விட்டுப் போகவில்லை என்றாலும் இப்படித்தான் ஆகும். அமெரிக்க யூதப் பெரியவர்களில் ஆர்த்தடாக்ஸ் 9 சதவீதம். 30 வயதுக்குக் கீழே மட்டும் பார்த்தால் 17. மொத்த எண்ணிக்கை அசையாமல் நிற்கும்போதே உள்ளே ஆள் மாறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு யாருக்கு வாக்களிப்பார்கள், எந்தப் பள்ளிக்குப் பணம் கேட்பார்கள், இஸ்ரேலைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் இந்த 9க்கும் 17க்கும் இடையில் இருக்கிறது.

இஸ்ரேலில் இது இன்னும் கூர்மையானது. வசதியான நாடுகளில் பிள்ளைப்பேறு சரிந்துகொண்டே போகிறது. இஸ்ரேலில் யூதப் பெண்ணுக்குச் சராசரி மூன்று பிள்ளைகள். மதப் பற்றில்லாத டெல் அவிவ் பெண்களுக்கே சுமார் இரண்டு. 45 வயது வரை இரண்டு குழந்தைகள் பிறக்கும் வரைக்கும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு அரசே பணம் கொடுக்கிறது. ஆனால் பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பிள்ளைக்கு உதவித்தொகை தரும் எத்தனையோ ஐரோப்பிய நாடுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன.

உச்சியில் இருப்பவர்கள் ஹரேதிகள்; கறுப்புத் தொப்பி, நீள அங்கி அணியும் தீவிர மரபுப் பிரிவினர். அவர்களிடத்தில் பெண்ணுக்கு ஆறுக்கு மேல் பிள்ளைகள். நாட்டு மக்களில் 13 முதல் 14 சதவீதமாக இருக்கும் அவர்கள் ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறார்கள். அதாவது 18 ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு. 2065இல் மூன்றில் ஒருவர் ஹரேதியாக இருக்கக்கூடும் என்று இஸ்ரேல் புள்ளியியல் துறை கணித்திருக்கிறது. 1948இல் பிரதமர் பென் குரியன், யெஷிவா எனப்படும் வேதபாடசாலைகளில் படித்த 400 பேருக்கு ராணுவ விலக்கு அளித்தார். இனப்படுகொலையில் ஐரோப்பாவின் பாடசாலைகள் அழிந்துபோனதால், மிச்சமிருக்கும் விளக்கை அணைய விடக் கூடாது என்ற எண்ணம். 400 பேருக்கான இரக்கம் பிள்ளைப்பேறு பெருகப் பெருக 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கான ஏற்பாடாகிவிட்டது. இந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. காசா போர் நடந்துகொண்டிருந்த நேரம், கூட்டணியே ஆட்டம் கண்டது. இதோடு ஹரேதி ஆண்களில் சுமார் பாதிப் பேர்தான் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுடைய பல ஆண் பள்ளிகளில் கணக்கும் ஆங்கிலமும் பெயரளவுக்குத்தான் என்பதையும் சேர்த்தால் நிதி அமைச்சகத்தின் கவலை புரியும். பெண்கள் நிலை வேறு. அவர்களில் பத்தில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள்.

கொள்கையால் பிள்ளைப்பேற்றை அசைக்க முடியுமா? இஸ்ரேலில் தற்செயலாக ஒரு சோதனையே நடந்தது. 2001இல் ஐந்தாம் பிள்ளையிலிருந்து உதவித்தொகையைக் கணிசமாக உயர்த்தினார்கள். 2003இல் நிதி அமைச்சராக இருந்த பெஞ்சமின் நெதன்யாகு வெட்டிக் குறைத்தார். அதற்குப் பின் ஹரேதிப் பெண்களின் சராசரி ஏழரையிலிருந்து ஆறரை அளவுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. பணம் கொஞ்சம் அசைக்கும், நம்பிக்கையை அசைக்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இஸ்ரேல் குடிமக்களில் 21 சதவீதம் அரபியர். 1960களில் முஸ்லிம் பெண்களுக்குச் சராசரி ஒன்பது பிள்ளைகள். யூதப் பெண்களுக்கு மூன்றரைக்குக் கீழே. அந்த வேகத்தை அப்படியே நீட்டி, யூதர் சிறுபான்மையாகிவிடுவர் என்று கோடு போட்டவர்கள் பலர். ஆனால் பெண்கள் படித்தார்கள், ஊர் நகரமானது, முஸ்லிம் பெண்களின் சராசரி இன்று மூன்றுக்குச் சற்றுக் கீழே, யூதருக்குச் சமமாக வந்துவிட்டது. நேற்றைய கோட்டை நாளைக்கு நீட்டுவது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மேற்குக் கரையையும் காசாவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறிவிடும். ஜோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையில் யூதர்களும் பாலஸ்தீனர்களும் ஏறத்தாழச் சரிசமம், தலா எழுபது லட்சத்தைச் சுற்றி. பாலஸ்தீனக் கணக்கில் பத்து லட்சம் மிகை என்று இஸ்ரேலிய வலதுசாரிகள் சிலர் வாதாடுகிறார்கள். பெரும்பாலான மக்கள்தொகையியலாளர்கள் ஏற்பதில்லை. நிலம் முழுவதையும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தால் யூதப் பெரும்பான்மை நிலைக்காது. கொடுக்காவிட்டால் ஜனநாயகம் நிலைக்காது. 2003இல் துணைப் பிரதமராக இருந்த எஹூத் ஓல்மெர்ட் இந்த வாதத்தை வெளிப்படையாக வைத்தார். 2005இல் பிரதமர் ஏரியல் ஷரோன் காசாவிலிருந்து சுமார் 8,000 யூதக் குடியேறிகளை வெளியேற்றியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. மறுபுறம், "மக்கள்தொகை அபாயம்" என்ற சொல்லையே அரபுக் குடிமக்கள் வெறுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் பிறக்கும் குழந்தையை அபாயம் என்று கூப்பிடும் பேச்சை யார்தான் பொறுப்பார்கள்?

இஸ்ரேலுக்கு வருபவர்கள் மட்டும் அல்ல, போகிறவர்களும் இருக்கிறார்கள். உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2024இலோ வெளியேறியவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல்; வந்தவர்கள் அதைவிடக் குறைவு.

இந்தியாவில் இந்தக் கதை முழுவதும் சிறிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தார் ஆயிரக்கணக்கில் இஸ்ரேலுக்குப் போனார்கள்; அங்கே 1960களின் தொடக்கத்தில் தலைமை ரபிகள் அவர்களுடைய யூதத்தன்மையை ஐயுற்று, திருமணத்துக்கு வம்சாவளி விசாரிக்கச் சொன்னார்கள். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்கள் முழு யூதர்களே என்று அறிவிக்கச் செய்தார்கள்.

கொச்சி யூதர்களின் வேர் இன்னும் பழையது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் வழங்கிய செப்பேடு, கிபி 1000ஐ ஒட்டியது, நம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1940களில் அவர்கள் சுமார் 2,400 பேர். இஸ்ரேல் பிறந்ததும் புறப்படத் துடித்தார்கள். யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இஸ்ரேல் அரசு அவர்களைச் சில ஆண்டுகள் காக்க வைத்தது. ஆள் தேவை என்று உலகெங்கும் கூவிய அரசுதான்! 1950களின் நடுவில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்து, நெகேவ் பாலைவனத்தின் நெவாதிம் போன்ற ஊர்களில் குடியேறினார்கள்.

சேந்தமங்கலத்திலும் பறவூரிலும் அவர்கள் விட்டுப்போன ஜெப ஆலயங்கள் இன்று அருங்காட்சியகங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால், சீனத்து நீலப் பூ ஓடுகள் பதித்த தரை பளபளக்கிறது. உள்ளூரில் பத்துப் பேர் இல்லை. எங்கிருந்தாவது யூதப் பயணிகள் வந்திருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் பத்துச் சொல் வசனத்தைக் கடைசிச் சொல் வரைக்கும் சொல்லிப் பார்க்கிறார்கள்.